மலைக்கு வழி சொல்வோர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'மலையும் தமிழும்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். குறிஞ்சித் திணையிலிருந்து தொடங்கினால் இன்று இரவுக்குள் முடியாது. ஆகவே அப்பெரும்பொருளில் ஒரு சிறு கூற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மலைக்குப் புதியவரை அழைத்துச் செல்பவர் அவருக்கு முதற்கண் எதைச் சொல்ல வேண்டும்? மலையின் அழகையா, அதன் சினத்தையா? இது ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் நமக்கு அண்மையிலுள்ள குரங்கணி மலையில் பற்றிய தீயால் 23 பேர் உயிரிழந்தனர். அதனைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் இலக்கியத்துக்கு வருவோம்.

வழி சொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வகை கண்டவர்கள் தமிழர்கள். ஆற்றுப்படை என்பதன் பொருளே வழிப்படுத்துதல். பத்துப்பாட்டில் இறுதியாக வைக்கப்பட்டுள்ள மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. கூத்தராற்றுப்படை என்றும் அதற்குப் பெயருண்டு. பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிர்வரும் கூத்தர் கூட்டத்தை நன்னனிடம் செல்லுமாறு ஆற்றுப்படுத்துகிறான். நன்னனுடைய நவிரமலை இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் பர்வதமலை என வழங்குகின்றது. பாட்டுடைத் தலைவன் வடக்கே இருப்பினும், பாடியவரை நம்மவர் என்றே உரிமை கொண்டாடலாம். அவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். அழகர்மலைக் கல்வெட்டுகள் திருமாலிருஞ்சோலையைக் கீழிரணியமுட்ட நாட்டில் வைத்துப் பேசுகின்றன. உரை கண்ட நச்சினார்க்கினியரும் மதுரையார். மலை நடைக்குத் தமிழில் எழுந்த அம்முதல் கையேட்டில் பாண்டி மண்ணின் வாடை வீசுவதில் வியப்பில்லை.

அக்கூத்தன் என்னென்ன சொல்கிறான் என்று பாருங்கள். தினைப்புனத்தருகே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், ஆதலின் விடிந்தபின் செல்லுங்கள் என்கிறான். குழிகளில் பாம்பு மறைந்து கிடக்கும் என்கிறான். பரண்மீதிருந்து யானையை விரட்டக் கானவர் எறியும் கவண்கல் குறி தவறி உங்கள்மேல் படக்கூடும், மரத்தின் மறைவில் ஒதுங்கிச் செல்லுங்கள் என்கிறான். பாசி படர்ந்த சுனைக்கரை வழுக்கும், கொடியைப் பற்றிக்கொண்டு நடங்கள் என்கிறான். இருட்டிவிட்டால் குகையில் தங்குங்கள், வழி தப்பினால் மலைவாழ் மக்கள் வந்து வழி காட்டுவார்கள் என்கிறான். பாதைகள் கவரும் இடத்தில் புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்லுமாறும் கூறுகிறான். பின்னே வரும் முகமறியாப் புதியவருக்காக அந்தப் புல்முடிச்சு! ஆற்றுப்படை நூல்களில் இதற்கு ஈடான இடம் வேறொன்று உண்டென்று நான் கருதவில்லை.

மலையழகும் அப்பாட்டில் நிரம்பவே உண்டு. அருவியொலி, தேனெடுப்போர் ஆரவாரம், யானையின் பிளிறல் என மலையில் பிறக்கும் ஒலிகளை அடுக்கிக்கொண்டே போகிறார் புலவர். மதம் பொழியும் யானையாக மலையை எண்ணி இட்ட பெயர்தான் மலைபடுகடாம். யானையென்றால் அதற்கு ஒரு குணம் உண்டு; குணத்தை அறிந்தவனே அருகில் அழைத்துச் செல்லலாம்.

மற்றொரு வழிகாட்டி சிலப்பதிகாரத்தில் வருகிறான். காடுகாண் காதையில் வரும் மாங்காட்டு மறையோன். கொடும்பாளூரைக் கடந்ததும் பாதை மூன்றாகப் பிரிவதையும், வலப்பக்க வழி சிறுமலை வழியே செல்வதையும், இடப்பக்க வழியில் திருமால்குன்றம் எதிர்ப்படுவதையும் அவன் கோவலனுக்கு விரித்துரைக்கிறான். அக்குன்றத்துப் பிலத்தினுள்ளே மூன்று பொய்கைகள் உள்ளன. ஒன்றில் மூழ்கினால் ஐந்திர நூலறிவு வாய்க்கும், ஒன்றில் பழம்பிறப்பு தெரியும், மற்றொன்றில் நினைத்தது கைகூடும் என்று ஆசை காட்டுகிறான். கவுந்தியடிகள் மிக அமைதியாக அதனை மறுத்துவிடுகிறார். அந்நூலறிவை அருகன் அருளிய நூலில் காணலாம், முற்பிறப்பை இப்பிறப்பிலேயே காணலாம், வாய்மையில் வழுவாதார்க்கு எய்தாத பொருளில்லை, உன் வழியில் நீ செல்க என்பது அவர் விடை. இதனைச் சமய வாதமாக மட்டும் படிப்பது மரபு. வழிகாட்டியைச் சோதிக்கும் பயணியின் குரலாகவும் இதனைப் படிக்கலாம் என்பது என் எண்ணம். மறையோன் பொய்யன் அல்லன். காட்டின் இடர்களையும் அவன் சொல்லத்தான் செய்கிறான். ஆயினும் அவன் குரல் உயர்வது அதிசயங்களைச் சொல்லும்போதுதான். இன்றைய சுற்றுலா விளம்பரங்களை எழுதுவோர் அவன் வழித்தோன்றல்கள். கூத்தன் வழிவந்தோரோ அருகிவிட்டனர்.

மதம் கொண்ட மலை என்பது உலகின் சில பகுதிகளில் வெறும் உருவகம் அன்று. உயிருள்ள எரிமலைகளின்மீது வழிகாட்டியோடு ஏறிக் கூட்டமில்லாத தடங்களில் நடப்பதை விரும்பிச் செய்வோர் பலர் உள்ளனர். இத்தாலியின் ஸ்ட்ராம்போலி அவ்வாறு பெயர் பெற்றது. 2019இல் அது பெரிதாக வெடித்தபின் உச்சிக்கு அழைத்துச் செல்வதை நிறுத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் நியூசிலாந்தின் வக்காரித் தீவு எரிமலை வெடித்தபோது, வழிகாட்டிகளும் பயணிகளுமாக 47 பேர் அங்கிருந்தனர். அவர்களுள் 22 பேர் மாண்டனர். அந்த எரிமலையின் எச்சரிக்கை நிலை சில வாரங்களுக்கு முன்னரே உயர்த்தப்பட்டிருந்தது. 2023 டிசம்பரில் சுமத்திராவின் மராப்பி எரிமலை வெடித்து மலையேறிகள் 24 பேர் இறந்தனர். வாய்க்கு அருகில் செல்லலாகாது என்னும் அறிவிப்பு அங்கும் இருந்தது. அறிவிப்பு இருந்தும் அதனைத் தம்மோடு வருவோரின் உயிரோடு பொருத்திப் பார்த்து, 'இன்று வேண்டா, திரும்புவோம்' என்று சொல்லும் நாக்கு இல்லாமற் போனதே இவ்விரண்டிலும் நான் காணும் ஒற்றுமை.

நம் நாட்டில் உயிருள்ள எரிமலை அந்தமானையடுத்த பாரன் தீவில் மட்டுமே உண்டு. நெடுங்காலம் உறங்கி 1991இல் மீண்டும் கனன்ற அதனைக் கப்பலிலிருந்தே பார்க்கிறார்கள். யானைமலையோ சமணர்மலையோ எரிமலை கக்கியவை அல்ல. நிலத்தின் அடியாழத்தில் பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறைகள், மேலிருந்தவை தேய்ந்து கரைந்தபின் வெளிப்பட்டு நிற்பவை என்பர் நிலவியலார். எனினும் பங்குனி வெயிலில் நம் மேற்குத் தொடர் மலைகளும் எரிகின்றன. அந்த நெருப்பு பாறையில் பிறப்பதன்று. காய்ந்த புல்லில் பிறப்பது.

குரங்கணி, தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரை அடுத்த மலையடிவாரச் சிற்றூர். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்த இரு குழுவினர் முதல் நாள் கொழுக்குமலைக்கு ஏறி, மறுநாள் இறங்கி வருகையில் தீ அவர்களைச் சூழ்ந்தது. ஆளுயரப் புல் காய்ந்து நின்ற சரிவு அது. தீ மேட்டை நோக்கி விரையும். சரிவு கூடக் கூட அதன் விரைவும் கூடும். மேல்நோக்கி ஓடும் மனிதனை அது எளிதில் முந்திவிடும். ஏற்கெனவே எரிந்து கருகிய தரைக்கு ஒதுங்குவதே பெரும்பாலும் காப்பு. இவற்றை மலையில் வாழும் மக்கள் அறிவார்கள். நகரத்திலிருந்து வந்த பிள்ளைகள் எங்ஙனம் அறிவார்கள்? செய்தி கேட்டு முதலில் மேலே ஓடியவர்கள் அவ்வூர் மக்களே. பின்னர் விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. தீக்காயமுற்றோர் பலர் நம் மதுரைக்கே கொண்டுவரப்பட்டனர்.

இறந்தவர்களுள் பெண்கள் பலர். 'பெண்களுக்கு மலையில் என்ன வேலை?' என்று அப்போது கேட்டவர்களும் உண்டு. மலைபடுகடாத்துக் கூத்தரோடு விறலியர் நடந்தனர். கல் பொருத அவர்களுடைய சிறிய அடிகளைப் புலவர் பரிவோடு பாடுகிறார். கண்ணகியும் கவுந்தியும் நடந்தே மதுரைக்கு வந்தனர். கேட்க வேண்டிய வினா, அழைத்துச் சென்றவர்க்கு அந்த மலையைப் பற்றி என்ன தெரிந்திருந்தது என்பதே.

அவ்வாண்டிலேயே அரசு மலையேற்றத்துக்கு ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை சார்பில் 40 தடங்களோடு மலையேற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. பழங்குடியினரும் வனத்தையொட்டிய சிற்றூர்களின் இளைஞருமே அதில் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள். 2025இல் காட்டுத்தீக் காலத்தில் தடங்களை மூடவும் செய்தார்கள். வருவாயை இழந்தும் மூடினார்களே, அதைத்தான் நான் பெரிதும் பாராட்டுவேன். வழி சொல்பவன் சில நாள்களில் வழியில்லை என்றும் சொல்ல வேண்டும்.

இனி நம் சமவெளிக் குன்றுகளுக்கு வருவோம். நகரைச் சுற்றி நிற்கும் இவற்றில் தீயைவிட உளிக்கும் வெடிக்கும் அஞ்ச வேண்டியுள்ளது. யானைமலைத் தமிழிக் கல்வெட்டு அதனை இவகுன்றம் என்கிறது. இவம் என்றால் யானை. ஈராயிரம் ஆண்டுகளாக அந்த மலை யானையாகவே தோன்றி வருகின்றது. 2010இல் அம்மலையில் சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் பேசப்பட்டபோது ஊரார் எதிர்த்தனர். அந்தச் சூழலில் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முயற்சியால் பிறந்தது பசுமை நடை. தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் அவர்கள் கல்வெட்டுகளின் முன்னே நின்று விளக்க, வங்கி ஊழியரும் பள்ளிப் பிள்ளைகளும் பாறைமேல் அமர்ந்து கேட்டார்கள். பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய பணி அது. ஒன்று மட்டும் சொல்வேன். ஐம்பது பேர் சென்றால் அது நடை. ஐந்நூறு பேர் சென்றால் ஊர்வலம். கற்படுக்கைகளில் தம் பெயரைக் கீறிவிட்டுப் போவோர் தனியே வருபவர்கள் அல்லர், கூட்டத்தின் துணிவில் வருபவர்கள்.

கீழக்குயில்குடிச் சமணர்மலைக்கு மாணவியரை அழைத்துச் செல்வது என் வழக்கம். செட்டிப்புடவில் தீர்த்தங்கரர் உருவத்தையும், பேச்சிப்பள்ளத்தில் அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனியையும் காட்டுவேன். கல்வெட்டில் ஒரு தாயின் பெயரைக் கண்டதும் மாணவியர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். ஒருமுறை வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எங்களைத் தடுத்து நிறுத்தினார். "தாயீ, அந்தப் பொடவுல மலைத்தேனீ அடை கட்டிருக்கு. பிள்ளைகளச் சத்தம் போடாம கூட்டிப் போங்க. வெயிலு ஏறுறதுக்குள்ள எறங்கிருங்க" என்றார். அதற்கு முந்திய வாரந்தான் வகுப்பில் மலைபடுகடாம் நடத்தியிருந்தேன். மாணவியருள் ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தாள்; நான் விளக்கம் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை.

அரிட்டாபட்டியைக் குறிப்பிடாமல் இவ்வுரையை முடிக்க இயலாது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட பரப்பு, தமிழகத்தின் முதற் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள் என்று அரசின் அறிவிப்பு கணக்குச் சொல்கிறது. சுனைகளை எண்ணிச் சொல்லத்தக்கவர் யார்? அங்கே ஆடுமாடு மேய்த்தவரும், இராசாளிப் பருந்தும் வல்லூறும் எந்தப் பாறையில் கூடு வைக்கும் என்று அறிந்த அவ்வூர் இளைஞருமே. வருவோரை அவர்கள் அழைத்துச் சென்று காட்டுவார்கள். குஞ்சு பொரிக்கும் காலமாயின் தொலைவிலேயே நிறுத்திவிடுவார்கள். 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய 2015.51 ஹெக்டேர் நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போன செய்தி வந்தது. டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. 2025 சனவரியில் மேலூர்ப் பகுதி மக்கள் மதுரை நோக்கி நடந்தே வந்தார்கள். அம்மாதமே மத்திய அரசு ஏலத்தை இரத்து செய்தது. கல்வெட்டும் சமணர் படுக்கையும் குடைவரையும் அங்கே உள்ளன என்பதை ஊரார் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொன்னதை அந்நாள்களில் கேட்டோம். பல ஆண்டுகளாகப் பிறர்க்கு வழி காட்டிக் காட்டி அவர்கள் தம் மலையைத் தாமே மனப்பாடம் செய்திருந்தார்கள்.

நிறைவாக நம் வட்டத்துக்கு ஒரு விண்ணப்பம். பதினோராம் ஆண்டை மண்டபத்தில் தொடங்க வேண்டா. வரும் தை மாதத்தில் ஒரு விடியற்காலை மாங்குளம் மீனாட்சிபுரத்து மலைக்குச் செல்வோம். நெடுஞ்செழியன் பெயர் பொறித்த, 1882இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்த கல்வெட்டுகள் அங்கே உள்ளன. இருபது பேருக்குமேல் வேண்டா. முன்னே நடப்பவர் அம்மலையடியில் ஆடு மேய்ப்பவராக இருக்கட்டும். விழாப் பேச்சாளர்க்கு நாம் அளிக்கும் தொகையையும் பொன்னாடையையும் அவருக்கே அளிப்போம். அவர் ஏற வேண்டா என்றால் அடிவாரத்திலேயே அமர்ந்து மலைபடுகடாம் படித்துவிட்டு வருவோம். கல்வெட்டுகளின் படிகளை எல்லார்க்கும் போதுமான அளவில் நான் எடுத்து வருகிறேன். குடிநீரை அவரவர் கொண்டு வருக.