செல்வதும் செலுத்துவதும்



மொழியியலார் மகிழுந்தின் முன்மூடியைத் திறப்பதேன் என்று சிலர் வியக்கக்கூடும். நம் இளையோர் பட்டறை வாயில்வரை தமிழில் பேசி வருகின்றனர். முன்மூடி திறந்ததும் பெயர்ச்சொற்கள் மட்டுமல்ல, வினைச்சொற்களும் தமிழை விட்டு நீங்கிவிடுகின்றன. பெயர்ச்சொல்லைக் கடன் வாங்குவதில் நமக்குக் கவலையில்லை. வினையையும் கடன் வாங்கினால், இயக்கத்தைத் தமிழில் விளக்கும் ஆற்றலே போய்விடும்.

1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவை எண்ணிப் பார்ப்போம். அதன் பொறியில் இருந்தது கார்புரேட்டர். பிஸ்டன் கீழிறங்க, உருளையினுள் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று கார்புரேட்டரின் குறுகிய பகுதி வழியே விரைகிறது. விரைவு மிகும் இடத்தில் அழுத்தம் மேலும் தாழும். ஆகவே மிதவைக் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் நுண்துளை வழியே எழுந்து காற்றோடு கலக்கிறது. அக்குறுகிய பகுதிக்கு ‘மிடறு’ என்று பெயரிட்டால் எத்துணைப் பொருத்தம்! தொண்டைக்கும் ஒருமுறை விழுங்கும் அளவிற்கும் அச்சொல்லையே நாம் வழங்குகிறோம்.

பிற்காலப் பொறிகளில் பெட்ரோல் தானாக எழுவதில்லை. பம்பு அதனை அழுத்தத்தில் வைத்திருக்கிறது. காற்றின் அளவையும் வெப்பத்தையும் உணரிகள் அறிவிக்க, கணினி சில மில்லிநொடிகளுக்கு மட்டும் இன்ஜெக்டரைத் திறக்கிறது. 1967இல் வோக்ஸ்வாகன் 1600 மகிழுந்தில் பாஷ் நிறுவனத்தின் மின்னணு முறை இடம்பெற்றது. பொறிமுறையால் இயங்கும் செலுத்துமுறை அதற்கு முன்பே, 1954இல் மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல். மகிழுந்தில் வந்துவிட்டது.

முன்னதில் பெட்ரோல் ‘செல்கிறது’, பின்னதில் ‘செலுத்தப்படுகிறது’. தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள இந்த வேறுபாடே இரு பொறிகளின் வேறுபாடும். ‘கலப்பி’ என்னும் ஆக்கம் நமக்கு நிறைவளிக்காததும் இதனால்தான். இரண்டுமே கலக்கின்றன, ஆகவே அச்சொல் ஒன்றையொன்று பிரித்துக் காட்டுவதில்லை. இன்ஜெக்டருக்கு ‘உட்செலுத்தி’ என்பதைவிடப் ‘பீச்சி’ என்பதையே நாம் விரும்புவோம். பால் பீச்சுவதும் பீச்சாங்குழலும் நம் வீட்டில் ஏற்கெனவே இருப்பவை.

வேறுபாட்டை உணரக் கெந்திங் மலையேறினால் போதும். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் அதன் ஒரு பங்கிற்குக் காற்று 14.7 பங்கு வேண்டும். கார்புரேட்டரின் நுண்துளைக்கு மலையென்றும் தெரியாது, சமவெளியென்றும் தெரியாது. காற்று மெலிந்த அளவிற்குப் பெட்ரோலை அது குறைப்பதில்லை. கலவை செறிந்து, பொறி திணறி, புகை கறுக்கிறது. செலுத்துமுறைப் பொறியோ உணரியின் சொற்கேட்டுப் பீச்சும் நேரத்தைச் சுருக்கிக்கொள்கிறது. ஆயினும் பழையதை முற்றிலும் இகழ்வதற்கில்லை. கார்புரேட்டரின் கோளாறு பலவற்றைச் சாலையோரத்திலேயே திருப்புளியால் தீர்க்கலாம். மற்றதற்குக் கோளாறறியும் கருவியைத் தேடிச் செல்ல நேரும்.

ஒன்று மட்டும் உடனே திருத்தத்தக்கது. மலாயின் ‘மிஞ்யாக்’ செல்வாக்கினால் பெட்ரோலையும் நாம் ‘எண்ணெய்’ என்கிறோம். எள்ளின் நெய்க்குப் பிறந்த சொல் இந்நாட்டில் எவ்வளவோ தொலைவு வந்துவிட்டது! பேச்சில் அது அழகே. ஆனால் பயிற்சிப் பாடத்தில் ‘எண்ணெய் குறைந்தது’ என்று எழுதினால், பெட்ரோலா, பொறியின் மசகெண்ணெயா? முன்னது தீர்ந்தால் வண்டி நிற்கும். பின்னது தீர்ந்தால் பொறியே பாழாகும். எனவே பாடநூலில் முன்னதைப் ‘பெட்ரோல்’ என்றும் பின்னதை ‘மசகெண்ணெய்’ என்றும் பிரித்தே எழுதுமாறு பயிற்றுநர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.