டைல்ஸுக்கு அடியில என்ன இருக்கு?

இன்னைக்கு பாத்ரூம் பத்திப் பேசப் போறோம். சிரிக்காதீங்க. நம்மள்ல பல பேர் சென்னையிலயோ பெங்களூருலயோ இருந்துக்கிட்டு, ஊர்ல அப்பா அம்மா இருக்குற வீட்டு பாத்ரூமை மாத்த ஜிபேல பணம் அனுப்புறோம். வேலையைப் பக்கத்துல நின்னு பாக்க நாம அங்க இல்ல. ஆனா தரை வழுக்கினா விழப்போறது அவங்கதான்.

உதாரணத்துக்கு சாகுபுரத்தை எடுத்துக்குவோம். ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் பக்கத்துல, டி.சி.டபிள்யூ. ஆலை இருக்குற ஊர். பிவிசி பைப்புக்கான மூலப்பொருள் தயாராகுற இடம். ஆனா சுத்தி உப்பளம், கடல் காத்து. அங்க வீட்டுக்கு முதல் எதிரி உப்புதான்.

உப்புத் தண்ணியில கலவை போட்டா கொஞ்ச நாள்ல சுவர்ல வெள்ளையா பூக்கும். கான்கிரீட்டுக்குள்ள போனா கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடிச்ச கம்பி உப்பி, மேல இருக்குற கான்கிரீட்டை உடைச்சுத் தள்ளும். அதனாலதான் ஐ.எஸ். 456 தர விதி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எடுக்குற தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லுது. அதனால கொத்தனார்கிட்ட முதல் கேள்வி டைல்ஸ் கலர் இல்ல, “கலவைக்கு எந்தத் தண்ணி?”

அடுத்தது வாட்டம். தரை ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு சென்டிமீட்டராவது வடிகால் பக்கம் இறங்கணும். இல்லைன்னா தண்ணி தேங்கும், பாசி பிடிக்கும், வழுக்கும். டைல்ஸ் சொரசொரப்பா இருக்கட்டும். கைப்பிடிக் கம்பி வைக்கிறதா இருந்தா ‘316’ ரக ஸ்டீல் கேளுங்க. கடல் காத்துக்கு 304-ஐ விட அது நல்லாத் தாங்கும்.

வாட்டர்ப்ரூஃபிங் டைல்ஸுக்கு அடியில போறது. மேல டைல்ஸ் ஒட்டிட்டா யாருக்கும் தெரியாது. அதனால ஒட்டுறதுக்கு முன்னாடி வடிகாலை அடைச்சு, தரையில தண்ணி நிறுத்தி, 24 மணி நேரம் விடச் சொல்லுங்க. கீழ வீடு இருந்தா அதோட சீலிங்கையும், இல்லைன்னா பக்கத்துச் சுவரையும் ஈரம் வருதான்னு பாருங்க. அதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. நீங்க அங்க இல்லாத குறையை அந்த வீடியோ ஓரளவு தீர்க்கும்.

இனி பணம். மொத்த கான்ட்ராக்டா, லேபர் மட்டுமான்னு முதல்லயே பேசிக்கோங்க. முழுசா முன்பணம் குடுக்காதீங்க. பைப் வேலை முடிஞ்சதும் ஒரு தவணை, தண்ணி நிறுத்திப் பாத்ததும் ஒண்ணு, டைல்ஸ் முடிஞ்சதும் ஒண்ணு. கடைசிப் பத்து சதவீதம் ஒரு மாசம் கழிச்சு.

இங்கதான் நமக்கு வாய் வராது. வேலை எடுக்குறவர் தெரிஞ்ச அண்ணாச்சியா இருப்பார், அப்பாவுக்கு நாப்பது வருஷப் பழக்கம். எழுதிக் கேட்டா சந்தேகப்படுறோம்னு நினைப்பாரேன்னு தயக்கம். இப்படிச் சொல்லிப் பாருங்க: “அண்ணாச்சி, நான் அங்க இல்ல, அப்பா மறந்துருவாங்க. ரெண்டு பேருக்கும் ஞாபகத்துக்கு ஒரு பேப்பர்ல எழுதிருவோம்.” அதுல மரியாதையும் இருக்கு, கணக்கும் இருக்கு. நல்லா வேலை செய்றவருக்கும் அது பாதுகாப்புதான். நடுவுல நீங்க டைல்ஸை மாத்தினா கூடுதல் கூலி யார் தலையில விழும்னு அந்தப் பேப்பர் சொல்லும்.

மீறியும் கசிஞ்சு, அவர் வராமப் போனா? வீட்டு கட்டுமான வேலையும் நுகர்வோர் சட்டத்துல ‘சேவை’தான்னு உச்ச நீதிமன்றம் 1993-லயே சொல்லிருச்சு. 2019 சட்டப்படி, புகார் குடுக்குறவர் குடியிருக்கிற மாவட்டத்து ஆணையத்துலயே குடுக்கலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள. குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது. முதல்ல 1915-க்கு போன் பண்ணிக்கூட ஆலோசனை கேக்கலாம். ஆனா அங்கயும் பில், பேப்பர், வீடியோ இருந்தாத்தான் பேச்சுக்கு வலு.

இந்த வாரம் ஊருக்கு போன் போடும்போது ‘சாப்டீங்களா’வோட இன்னொண்ணும் கேளுங்க: “பாத்ரூம்ல தண்ணி தேங்குதாப்பா?” அடுத்த எபிசோடுல பாப்போம்.