ஓநாய் இல்லன்னா இந்த நாயும் இல்ல

இன்னைக்கு எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி, ராத்திரி தூக்கம் வராம யூடியூப்ல ஒரு வீடியோ பார்த்துட்டிருந்தேன். மூடுபனி, மலைச்சரிவு, செம்மறி மந்தை. மந்தைக்கு ஓரமா வெள்ளையும் கறுப்புமா ஒரு பெரிய நாய் அசையாம நிக்குது. அவ்வளவுதான் வீடியோ. அடுத்த அஞ்சாவது நிமிஷம் நான் கூகுள்ல தேடினது, "குட்டி என்ன விலை?" நான் குடியிருக்கிறது மூணாவது மாடியில ஒரு சின்ன ஃபிளாட். பால்கனியில துணி காயப்போடவே இடம் பத்தாது.

விலை தேடப் போய்தான், ஒரு அண்ணன் தம்பி கதை கிடைச்சுது. பல்கேரியாவோட தென்மேற்கு மூலையில பிரின் மலை. அங்க வ்லாஹின்னு ஒரு குட்டி கிராமம். பெரும்பாலான வீடுகள் காலி. விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் ஆட்கள். அங்க இருக்கிற சிடர் செடெஃப்சேவ், அட்டிலா செடெஃப்சேவ் ரெண்டு பேரும், கரகச்சான்ங்கிற காவல் நாய் இனத்துக்காகவே வாழ்க்கையைக் கொடுத்தவங்க.

கரகச்சான்கிறது முதல்ல ஒரு மக்களோட பேர். கிரேக்க மொழி பேசின நாடோடி இடையர்கள். கோடையில மந்தையை உயரமான மலைக்கு ஏத்துவாங்க, குளிர்காலத்துல ஏஜியன் கடல் பக்கத்துச் சமவெளிக்கு இறக்குவாங்க. வீட்டுச் சாமான் எல்லாம் குதிரை முதுகுல போகும். அவங்க வச்சிருந்த செம்மறி, குதிரை, நாய் மூணுக்குமே அவங்க பேர்தான். இந்த நாய் எத்தனை ஆயிரம் வருஷப் பழசுன்னு ஆளுக்கு ஒரு கணக்கு சொல்வாங்க. அதை விட்டுடுவோம். இடையன், செம்மறி, ஓநாய், இந்த மூணு பேருக்கும் நடுவுல நின்னு உருவான நாய் இது. அது போதும்.

இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் பல்கேரியாவுல கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. எல்லைகள் மூடப்பட்டன. 1957, 58ல நாடோடிகளோட மந்தைகளை அரசாங்கம் எடுத்துக்கிட்டது. அவங்களை ஒரே இடத்துல குடியமர்த்தினாங்க. மந்தை போனதும் நாய்க்கு வேலை போச்சு. ரோமத்துக்காக நிறைய நாய்கள் கொல்லப்பட்டன. ஓநாய்க்கு வச்ச விஷத்தைத் தின்னும் செத்துப்போச்சு. மிச்சம் இருந்தது அங்கங்க, மலைக்கிராமத்துல ஏதோ ஒரு கிழ இடையர் விடாம வச்சிருந்த நாய்கள் மட்டும்தான்.

1990களில் அந்த ஆட்சி போனபிறகு இந்தச் சகோதரர்கள் அப்படிப்பட்ட நாய்களைத்தான் மலை மலையாத் தேடிப் போனாங்க. நாய் கிடைச்சுது. சரி, அடுத்தது என்ன?

இங்கதான் எனக்கு இந்தக் கதை பிடிச்சுப்போச்சு. காவல் நாயை வளர்க்கணும்னா அது காவல் காக்க ஏதாவது வேணுமில்ல? அதனால கரகச்சான் செம்மறியையும் தேடினாங்க. சின்ன உருவம், பெரும்பாலும் கறுப்பு, முரட்டு ரோமம். பால் கம்மி, கறியும் கம்மி. யாருக்கும் வேண்டாத ஆடு. அதுவும் அழியுற நிலையில இருந்தது. அப்புறம் கரகச்சான் குதிரை. ஒரு நாயைக் காப்பாத்தப் போனவங்க கையில ஒரு முழு மலை வாழ்க்கையே வந்து சேர்ந்துடுச்சு.

இந்த நாய் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லணும். இது ஆட்டை ஓட்டுற நாய் இல்ல. ஆட்டோட ஆடா வாழுற நாய். குட்டி பட்டியிலயே பிறக்கும். கண்ணு திறந்த முதல் சில வாரங்கள்ல செம்மறியோட வாசனையும் சத்தமும் அதுக்குள்ள இறங்கணும். அந்தக் காலம் தவறிப்போச்சுன்னா பிறகு என்ன பயிற்சி கொடுத்தாலும் சரியா வராது. அப்படி வளர்ந்த நாய்க்கு மந்தைதான் குடும்பம்.

ஓநாயோட எப்பவும் கட்டிப் புரண்டு சண்டை போடும்னு நானும் நினைச்சேன். பெரும்பாலும் சண்டையே வராது. ஓநாய் கணக்குப் பார்க்கிற மிருகம். காயம் பட்டா அதுக்குப் பட்டினிதான். சுமார் 50 கிலோ எடையில நாலஞ்சு நாய் குரைச்சுக்கிட்டே நடுவுல வந்து நின்னா, 'இன்னைக்கு இது வேண்டாம்'னு திரும்பிப் போயிடும். எப்போ குரைக்கணும், எப்போ பாயணும்னு இடையர் கட்டளை போடறதில்ல. இருட்டுல, பனியில நாயேதான் முடிவெடுக்கணும். நம்ம வீட்டுக்குள்ள வச்சுக்க இது சரிப்படாததுக்குக் காரணமும் அதுதான். ராத்திரி முழுக்கக் குரைக்கும், கூப்பிட்டா வராது. அதோட பார்வையில அது வேலையைத்தான் செய்யுது.

அப்போ ஒரு நல்ல நாயை எப்படித் தேர்ந்தெடுக்கறது? கண்காட்சியில நிறுத்தி உயரம், நிறம், தலை அளவு பார்த்துச் சொல்லிடலாம். அந்த வழியில போனவங்களும் இருக்காங்க. வேற நாட்டுப் பெரிய நாய்களோட கலந்து இன்னும் பெருசா, இன்னும் பளபளப்பா ஆக்கினாங்க. ஆனா ஆட்டுக்குட்டியைக் கடிக்காத பொறுமையும், ஓநாய் வந்தா பின்வாங்காத துணிச்சலும் ஒரே உடம்புல இருக்கான்னு மேடையில தெரியாது. மலையில, ராத்திரியில, ஓநாய் வரும்போதுதான் தெரியும். ஓநாய் போயிட்டா தேர்வு வைக்க ஆளில்ல. ரெண்டு மூணு தலைமுறையில அது வெறும் அழகான பெரிய நாயா ஆயிடும்.

அதனால அவங்க செஞ்சது என்னன்னா, செம்பர்விவாங்கிற அவங்க அமைப்பு வழியா, ஓநாய் நடமாடுற ஊர்கள்ல இடையர்களுக்குக் குட்டிகளை இலவசமாக் கொடுத்தாங்க. நல்ல நாய் இருந்தா ஆடு போகாது. ஆடு போகலைன்னா இடையர் விஷம் வைக்கமாட்டார். விஷம் இல்லைன்னா ஓநாய் பிழைக்கும், கூடவே நாயும் பிழைக்கும். வ்லாஹியில ஓநாய்களைப் பத்திச் சொல்லிக்கொடுக்க ஒரு மையமும் இருக்கு. தன் மந்தைக்கு எதிரியா இருக்கிற மிருகத்துக்காகவும் வாதாடுற ஆடு வளர்ப்பவரை நான் வேற எங்கயும் கேள்விப்பட்டதில்ல.

இது ரொமான்டிக்கான கதை இல்லைங்கிறதையும் சொல்லணும். சோஃபியாவில் பிறந்து ஸ்காட்லாந்தில் வாழுற கப்கா கஸ்ஸபோவா, இந்த மந்தையோட மலையில இருந்துட்டு 'அனிமா'ன்னு ஒரு புத்தகம் எழுதியிருக்காங்க, 2024ல வந்தது. தனிமையும் கடனும் களைப்பும் அதுல இருக்கு. லாபம் தராத ஆட்டை வச்சுக்கிட்டு அத்தனை நாய்க்கும் தினம் சோறு போடணும். மலைக்கு மந்தையோட போக ஆள் கிடைக்கறதில்ல. இவங்களுக்கு அப்புறம் யாருங்கிற கேள்விக்கு யாரும் பதில் வச்சிருக்கிற மாதிரி தெரியல. ஒரு இனத்தைக் காப்பாத்தறது ஒரு தடவை முடிச்சுட்டு எழுந்து போற வேலையில்ல. தினம் காலையில திரும்பவும் ஆரம்பிக்கணும்.

நான் குட்டி வாங்கலைன்னு தனியா சொல்ல வேண்டியதில்ல. இப்போ ரோட்டுல ஏதாவது பெரிய வெளிநாட்டு நாய் மூச்சிரைக்க நடந்து போறதைப் பார்த்தா, "என்ன விலை?"ன்னு தோணறதில்ல. "உனக்கு என்ன வேலைப்பா இருந்தது?"ன்னு கேட்கத் தோணுது. உங்க வீட்டு நாயோட முப்பாட்டனுக்கு என்ன வேலைன்னு உங்களுக்குத் தெரியுமா? கண்டுபிடிச்சு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.