தலைச்சன் பிள்ளையும் தாத்தா பாட்டிகளும்

(நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தத் தடவை ஏதாவது விஞ்ஞானம் பேசுங்கோ என்று காரியதரிசி சொன்னார். நான் படித்தது பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. அதுவும் 1971-ல். அதற்கப்புறம் முப்பத்தேழு வருஷம் ஃபைல்களோடுதான் குடித்தனம். நான் சந்திரயானைப் பற்றிப் பேசினால் உங்கள் பேரன்களே சிரிப்பார்கள். ஆகவே நம் வீட்டுக்குள்ளேயே நடக்கும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். 2024 ஜனவரியில் எங்கள் அகத்தில் பேத்தி பிறந்தாள். பிள்ளைக்கும் மாட்டுப்பெண்ணுக்கும் முதல் குழந்தை. அந்தச் சமயத்தில் பார்த்ததையும் டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். மாட்டுப்பெண்ணைப் பற்றிச் சொல்லப்போவது எல்லாம் அவள் சம்மதத்தோடுதான். "சொல்லுங்கோப்பா, யாருக்காவது பிரயோஜனப்படும்" என்று அவளே சொல்லிவிட்டாள்.

முதல் பிரச்சினை பிரசவம் எங்கே என்பது. தலைச்சன் பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். சம்பந்திகள் ஸ்ரீரங்கத்தில். சம்பந்தி மாமாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மாமி ஒருத்திதான் அவரைக் கூட்டிக்கொண்டு போய் வரவேண்டும். மாட்டுப்பெண்ணுக்குக் குருகிராமில் வேலை. எட்டாம் மாதம் வரை ஆபீஸ் போவதாக இருந்தாள். பிரசவ நேரத்தில் ஆத்துக்காரன் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதும் அவள் ஆசை. மாமி போனில் அழுதாள். "பொண்ணுக்குத் தலைச்சன் பிரசவம் பார்க்கக் கொடுத்து வைக்கலையே மாமா" என்றாள். உறவுக்காரர்களில் இரண்டு பேர், கேட்காமலே, "அது எப்படிப் புக்காத்தில் வைத்துக்கொள்வது?" என்று எங்களுக்கு போன் செய்தார்கள்.

இந்த வழக்கம் எதற்காக வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பதினாறு, பதினேழு வயசுப் பெண். பெரிய கூட்டுக்குடும்பம். விடிகாலையிலிருந்து வேலை. அவளுக்குப் படுத்து எழுந்திருக்கக் கிடைத்த ஒரே இடம் பிறந்தகம். "எனக்கு இங்கே வலிக்கிறது, பயமாக இருக்கிறது" என்று கூசாமல் சொல்லக்கூடிய ஒரே ஆள் அம்மா. ஓய்வும், மனசு விட்டுப் பேச ஒரு துணையும், இரண்டும்தான் அதன் சாரம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவை மயூர் விஹாரில் கிடைத்தால் மயூர் விஹாரில் பிரசவம் பார்ப்பதில் ஒரு குற்றமும் இல்லை. என் மனைவி சம்பந்தி மாமியிடம், "நீங்க மாமாவைப் பார்த்துக்கோங்கோ, இவளை நான் பார்த்துக்கறேன். முடிஞ்சபோது பத்து நாள் வாங்கோ" என்று சொல்லி முடித்துவிட்டாள்.

வழக்கத்தின் இன்னொரு பக்கமும் உண்டு. 1983-ல் எங்கள் மூத்த பெண் கும்பகோணத்தில் பிறந்தபோது நான் தில்லியில் இருந்தேன். தந்திதான் வந்தது. லீவு கிடைத்துத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறிப் போய்க் குழந்தையைப் பார்த்தது முப்பத்தெட்டாம் நாள். அந்தக் காலத்தில் எல்லா அப்பாக்களுக்கும் அப்படித்தான். மத்திய அரசு ஊழியர்களுக்குத் தகப்பன் லீவு என்று 15 நாள் கொடுக்க ஆரம்பித்ததே ஐந்தாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு, 1997-ல். பிரசவ லீவும் 90 நாளாக இருந்து 135 ஆகி, 2008-ல் 180 ஆயிற்று. தனியார் கம்பெனிப் பெண்களுக்கு 1961-ம் வருஷச் சட்டப்படி 12 வாரமாக இருந்ததை 2017-ல் 26 வாரமாக்கினார்கள். தகப்பனுக்கு அந்தத் திருத்தத்தில் ஒன்றும் இல்லை. என் பிள்ளைக்குக் கம்பெனி பத்து நாள் கொடுத்தது. அவன் தன் லீவிலிருந்து இன்னும் மூன்று வாரம் சேர்த்துக்கொண்டான். டயபர் மாற்றுவதில் அவன் காட்டிய சாமர்த்தியத்தைப் பார்த்து என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை விட்டுவிடுவோம்.

அடுத்தது சாப்பாடு. "ரெண்டு பேருக்குச் சாப்பிடணும்" என்று நம் மாமிகள் எல்லோரும் சொல்வார்கள். கர்ப்பிணிக்குக் கூடுதலாகத் தேவை ஒரு நாளைக்குச் சுமார் 350 கலோரிதான் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், கணக்கு முடிந்தது. அதற்கு மேல் போவதெல்லாம் நம் அன்பு. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்ததில் மாட்டுப்பெண்ணுக்கு 152 வந்தது. 140-ஐத் தொட்டாலே கர்ப்ப கால நீரிழிவு. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்யக்கூடிய இந்த எளிய சோதனை நம் நாட்டில் பரவியதற்குச் சென்னை டாக்டர் வி. சேஷையாவின் உழைப்பு முக்கியக் காரணம். எங்கள் வீட்டில் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டாலும் தினம் நடந்ததாலும் சர்க்கரை அடங்கியது. வளைகாப்புக்கு வந்தவர்கள் கொண்டுவந்த ஸ்வீட்டை எல்லாம் நான் தின்று தீர்த்தேன். எனக்குச் சர்க்கரை இல்லை.

நம்மவர்களுக்கு என்று ஒரு விஷயம். இரும்புச்சத்து மாத்திரையும் ஃபில்டர் காபியும் ஒத்துப்போகாது. காபியிலும் டீயிலும் உள்ள பாலிஃபீனால் வகைகள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. பாலில் உள்ள கால்சியமும் அப்படியே. காபி குடித்த கையோடு மாத்திரை போட்டுக்கொள்கிற பெண்ணிடம், மாத்திரையைத் தள்ளிப்போட்டு எலுமிச்சை ஜலத்தோடு சாப்பிடச் சொல்லுங்கள். சைவச் சாப்பாட்டில் பி-12 குறைவு என்பதால் அதையும் சோதிக்கச் சொல்வது நல்லது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வசதியான வீடுகள் இதற்கு விலக்கு இல்லை.

சீமந்தம் எட்டாம் மாதம் நடந்தது. கூடவே பும்ஸவனம். ஆலமொட்டுச் சாற்றை மூக்கில் பிழிகிற கட்டத்தில், டாக்டர் வேண்டாம் என்கிறார் என்று வாத்தியாரிடம் சொன்னேன். "மந்திரம் சொல்லி மூக்கைத் தொட்டால் போதும்" என்றார். ஹோமப் புகை அடிக்காமல் ஜன்னல் பக்கம் உட்கார வைத்தார். நல்ல வாத்தியார்கள் இப்படித்தான். முன்கூட்டிப் பேசிவிட்டால் வழி சொல்வார்கள். ஜாதகர்மாவில் தேனும் நெய்யும் நாக்கில் தடவுவதற்கும் இதே கதைதான். தேனில் பாட்டுலிசம் என்ற நோய்க் கிருமியின் விதைகள் இருக்கலாம். நம் குடலில் ஒன்றும் செய்யாது. ஒரு வயசுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து விஷத்தை உண்டாக்கும். கிண்ணத்தைக் காட்டிவிட்டு வைத்துவிட்டார்.

நான் கெமிஸ்ட்ரி மாணவன் என்பதால் வசம்பைப் பற்றியும் சொல்லவேண்டும். பிள்ளை வளர்ப்பான் என்று அதற்குப் பெயர். சுட்டு உரைத்து நாக்கில் தடவாத வீடு கிடையாது. அதில் பீட்டா-அசரோன் என்ற பொருள் இருக்கிறது. மிருகங்களில் புற்றுநோய் உண்டாக்கியதால் 1968-லேயே அமெரிக்காவில் உணவில் சேர்ப்பதைத் தடை செய்துவிட்டார்கள். "நாமெல்லாம் அதைச் சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம்?" என்பீர்கள். வளர்ந்தவர்கள்தான் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறோம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். ஜலம்கூட வேண்டாம், தில்லி வெயிலிலும். முதலில் வருகிற மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக்கூடாது. நோய் எதிர்ப்புச் சத்து அதில்தான் அதிகம்.

பேத்தி பிறந்த மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை. பிலிருபின் அளவைப் பார்த்துவிட்டு நீல விளக்கின் கீழ் வைக்கவேண்டும் என்றார்கள். "வெயிலில் காட்டினால் போதாதா?" என்று ஒரு மாமி கேட்டாள். கேள்வி அசட்டுத்தனமானது அல்ல. இந்தச் சிகிச்சையே வெயிலிலிருந்துதான் பிறந்தது. 1950-களில் இங்கிலாந்தில் எசெக்ஸ் ராச்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில் ஜீன் வார்ட் என்ற நர்ஸ் குழந்தைகளை முற்றத்தில் இளவெயிலில் கிடத்துவார். ஒரு குழந்தையின் உடம்பில் வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்து, துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாக இருந்ததை டாக்டர்களிடம் காட்டினார். அதே ஆஸ்பத்திரியில் ஜன்னல் ஓரம் மறந்து வைத்த ரத்தக் குப்பியில் பிலிருபின் அளவு குறைந்துபோனதையும் கண்டார்கள். 1958-ல் அவர்கள் கட்டுரை லான்செட்டில் வந்தது. நீல ஒளி பிலிருபினின் அமைப்பை மாற்றி உடம்பிலிருந்து எளிதில் வெளியேற வைக்கிறது. ஆனால் வெயிலை அளந்து கொடுக்க முடியாது. விளக்கை அளக்கலாம். ஜனவரி மாதத் தில்லிப் பனியில் குழந்தையின் துணியை அவிழ்த்து பால்கனியில் வைத்தால் காமாலைக்கு முன்னால் குளிர் முந்திக்கொள்ளும். இரண்டு நாள் விளக்கில் சரியாயிற்று. பிறந்து 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தால் ஒரு மணியும் தாமதிக்கக்கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பிரசவ மருந்துக்குச் சாமான் வாங்க நானே காரி பாவ்லிக்குப் போனேன். கண்டந்திப்பிலிக்கு அங்கே பீப்லாமூல், சுக்குக்கு ஸோண்ட், சித்தரத்தைக்குக் குலஞ்சன். அந்தச் சந்தில் தும்மாமல் நடந்தவன் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா ஒரு டப்பா பஞ்சீரி கொண்டுவந்து கொடுத்தாள்; கோதுமை மாவு, நெய், கோந்து, பாதாம். அவர்கள் ஊர் லேகியம் அது. டாக்டர் இரண்டையும் கொஞ்சமாகச் சாப்பிடலாம் என்றார், வெல்லமும் சர்க்கரையும் அளவோடு. ஆனால் பத்தியம் என்று காய்கறியை நிறுத்துவதும், ஜலம் அதிகம் குடிக்காதே என்பதும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

இப்போது, நான் சொல்லவந்த முக்கியமான விஷயம். பிரசவமாகி மூன்றாம் நாள், நாலாம் நாள் அழுகை வருவது பலருக்கு உண்டு. ஹார்மோன்கள் திடீரென்று இறங்குவதும் தூக்கமின்மையும் காரணம். இரண்டு வாரத்தில் தானே போய்விடும். எங்கள் மாட்டுப்பெண்ணுக்குப் போகவில்லை. குழந்தை தூங்கும்போதும் அவள் தூங்கவில்லை. அம்மாவின் போனை எடுக்கவில்லை. "திருஷ்டி" என்றார் ஒருவர். "நாங்கள்லாம் அஞ்சு பெத்துக்கலையா?" என்றார் இன்னொருவர். நாலாவது வாரம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை எங்கள் அறைக் கதவைத் தட்டினான். "நான் இல்லேன்னா நீங்கள்லாம் இவளை இன்னும் நன்னா பார்த்துப்பேள்" என்று அவள் சொன்னாளாம்.

என் மனைவி எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஓர் அத்தை இருந்தாள். பிரசவமாகி நாற்பது நாளில் கிணற்றில் விழுந்து போய்விட்டாள். கால் தவறி என்றுதான் குடும்பத்தில் சொல்வார்கள். "அத்தையும் இதையேதான் சொன்னாளாம்" என்றாள் மனைவி. அவ்வளவுதான் பேச்சு. அன்று ராத்திரி முழுக்க மாட்டுப்பெண்ணின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். காலையில் டாக்டரிடம் போனோம்.

எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள். 1987-ல் வெளிவந்தது, தமிழிலும் உண்டு. நிரப்ப ஐந்து நிமிஷம் போதும். பத்தாவது கேள்வியே தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பதுதான். மனநல மருத்துவர் பேசினார், மருந்தும் கொடுத்தார். பாலூட்டும்போது சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. அதோடு அவள் தொடர்ந்து நாலு மணி நேரமாவது தூங்கியாகவேண்டும் என்று உத்தரவு. பத்து மணிக்குப் பால் கொடுத்துவிட்டுப் படுத்தால், நடுவில் எடுத்துவைத்த பாலைப் புகட்டுவது பிள்ளை. விடிகாலை ட்யூட்டி எனக்கு. சம்பந்தி மாமாவை அவர் தம்பி பார்த்துக்கொள்ள, மாமி பன்னிரண்டு நாள் வந்து இருந்தாள். பெண் அம்மா மடியில் தலை வைத்துப் படுத்ததை அன்றுதான் பார்த்தேன். சரியாகச் சுமார் பத்து வாரம் ஆயிற்று. இப்போது ஆபீஸ் போகிறாள்.

இதை ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், இது சோம்பலும் இல்லை, கிரகமும் இல்லை, வளர்ப்பும் இல்லை. காமாலை மாதிரி ஒரு வியாதி. காமாலைக்கு உடனே ஓடுகிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தால் அதற்கும் ஓடவேண்டும்.

கடைசியாக, பழைய அரசு ஊழியன் என்ற முறையில் ஒரு வார்த்தை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியே அனுப்பினாலும் எழுத்துக்களை நீங்கள் சரிபாருங்கள். பெயர் முடிவாகாவிட்டாலும் பதியலாம்; 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1-ம் தேதியிலிருந்து பிறந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம் முதல் வாக்காளர் பட்டியல் வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். நம் இனிஷியல் வழக்கம் வடக்கே யாருக்கும் புரியாது. பின்னால் பாஸ்போர்ட்டில் அவஸ்தைப்படாமல் இருக்க அப்பா பெயரை முழுசாக எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் நாமகரணத்தில் காதில் ஓதிய பெயர் என் அம்மாவுடையது. சான்றிதழில் உள்ளது அவர்கள் இருவரும் தேர்ந்தெடுத்தது. இரண்டுக்கும் அவள் திரும்பிப் பார்க்கிறாள்.

சந்தேகங்கள் இருந்தால் காபிக்கு அப்புறம் கேளுங்கள்.