திரை கைமாறும் நேரம்

மும்பை மின்வண்டியில் செல்லும் நேயர்கள் இதனை அறிந்திருப்பர். சில இடங்களில் விளக்குகள் அணையும்; விசிறிகள் ஓயும்; சற்றைக்கெல்லாம் யாவும் மீளும். மின் ஊட்டம் மாறும் அவ்விடத்துக் கம்பியில் மின்சாரம் இராது. மோட்டார்மேன் மின் தொடர்பைத் துண்டித்துவிட, ஓடிய வேகத்தாலேயே வண்டி அதனைக் கடக்கிறது. நமது கணினித் திரையும் இவ்வாறே சிறிது நேரம் இருளுவதுண்டு.

விசையை அழுத்தியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் பொறிக்கப்பெற்ற யூஇஎஃப்ஐ என்னும் நிரல். அது திரையின் அகல உயரங்களை வகுத்து, படப்புள்ளிகளை எழுதுதற்குரிய நினைவகப் பகுதியைக் குறித்து வைக்கிறது. அடுத்து வரும் கிரப் என்னும் தொடக்க நிரல், அப்பகுதியின் முகவரியை லினக்ஸின் உட்கருவாகிய கெர்னலிடம் ஒப்புவித்து விலகுகிறது. கெர்னல் அங்கே எழுதலாமேயன்றித் திரையின் அளவை மாற்ற இயலாது. அவ்வதிகாரம் கிராஃபிக்ஸ் அட்டைக்குரிய இயக்கி வந்த பின்னரே கிட்டும்.

ஒரே திரைக்கு இருவர் உரிமை கொண்டாடலாகாது. ஆகவே இயக்கி முன்னவரை வெளியேற்றிவிட்டே பொறுப்பேற்கிறது. நம் அலுவலகங்களிலாயின் ஒப்படைப்புப் பத்திரத்தில் இருவர் கையொப்பமும் வேண்டும். இங்கோ போகிறவர் கையொப்பத்திற்கு எவரும் காத்திருப்பதில்லை. புதியவர் இடையில் இடறினால், இடறியதைச் சொல்லவும் திரை இராது.

மாதுங்காவில் நம் வீட்டுக் கணினிக்கு இதுவே நேர்ந்தது. பல்லாண்டு மொழிபெயர்ப்புக் கோப்புகள் யாவும் அதனுள் இருந்தன. பழுது பார்க்கும் கடையொன்றில் திரையையே மாற்ற வேண்டுமென்று விலையும் கூறிவிட்டனர். கிரப் பட்டியல் தெளிவாகத் தெரிந்ததே. அத்திரை எங்ஙனம் பழுதாகும்? தாராவியில் பழைய கணினிகளைச் செப்பனிடும் தம்பி ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் அப்பட்டியலில் 'ஈ' விசையை அழுத்தி, கெர்னலுக்குரிய வரியின் இறுதியில் 'நோமோட்செட்' என்னும் ஒரு சொல்லைச் சேர்த்தார். இயக்கி ஒதுங்கி நின்றது. முன்னவர் அமைத்த திரையிலேயே கணினி எழுந்தது. படம் சற்றுக் கரடுமுரடு. ஆயினும் கோப்புகள் அனைத்தும் கைக்கு வந்தன. அச்சொல் அந்த ஒரு தடவைக்கே செல்லும். இயக்கியைப் புதுப்பித்த பின்னர் அதற்குத் தேவையும் இல்லாது போயிற்று.

2021ஆம் ஆண்டு வெளிவந்த லினக்ஸ் 5.14 பதிப்பில், சிம்பிள்டிஆர்எம் என்னும் சிறிய இயக்கி சேர்க்கப்பெற்றது. யூஇஎஃப்ஐ அமைத்துத் தந்த திரையை அவ்வாறே ஏற்று, உரிய இயக்கி வரும்வரை முறையாக நடத்தி, வந்ததும் இடம் விடுகிறது அது. வராவிடில் தானே தொடர்கிறது. இதன் பின்னும், கெர்னல் தன் குறைகளை ஆங்கிலத்திலேயே அறிவிக்கிறது. அங்கு மொழிபெயர்ப்பாளருக்கு இன்னும் இடமில்லை.

தொடக்கப் பட்டியல் தெரிந்து, அதன் பின்னரே இருள் நீடிக்குமாயின், புதுத் திரைக்கு விலை கேட்குமுன் நேயர்கள் அவ்வொரு சொல்லைச் சேர்த்துப் பார்ப்பார்களாக.