பேராசிரியர் எங்கே?

நடுவர் அவர்களே! தொடர் பாதை மாறினால் வளர்ச்சிதான் என்று எதிரணி அம்மையார் சொன்னாங்க. 1975இல் வந்த ‘ஸ்பேஸ்: 1999’ என்ற பிரிட்டிஷ் தொடரைப் பாருங்க. அணுக்கழிவு வெடித்து, நிலாவே பூமியை விட்டு ஓடுகிறது. அதிலே 311 பேர். நிதானமாக யோசித்துச் சொல்ல ஒரு முதியவர், பேராசிரியர் பெர்க்மன்.

1976இல் இரண்டாம் சீசன். புதுத் தயாரிப்பாளர் ஃபிரெட் ஃப்ரைபெர்கர் வந்தார். வேகம் வந்தது. நினைத்த உருவம் எடுக்கும் மாயா வந்தாள். பேராசிரியரைக் காணோம்! எங்கே போனார்னு கதையில ஒரு வார்த்தை கிடையாது. நானும் பேராசிரியர்தாங்க, வயிறு கலங்குது! (சிரிப்பு)

அந்த சீசனோடு, மொத்தம் 48 கதைகளில், தொடர் முடிந்தது. மாயா வரட்டுங்க, நாற்காலி போடுவோம். அதுக்காகப் பெரியவரை எழுப்பி விடணுமா? நம்ம வீட்டுத் திண்ணையிலும் இதே கேள்விதான் உட்கார்ந்திருக்கு! (கைதட்டல்)