ஒரு ஆளுக்கு ஒரு படகு



"வேலை தவிர என்னப்பா செய்றே?" என்று காலையில் எங்கள் ஹெச்.ஓ.டி. கேட்டார். "மீன் பிடிக்கிறேன் சார்" என்றேன். சிரித்தார். அதையே பேசிவிடுகிறேன்.

தனியாளாகத் தூக்கிப்போக ஒரு படகு தேடினேன். முதலில் வாங்கியது இரண்டடி அகல ஃபைபர் படகு. நல்ல வேகம், காரின் மேல் கட்டலாம். இரண்டாம் நாளே, எங்கள் ஊர் ஏரியில், தூண்டிலில் சிக்கிய கெண்டையை இழுக்க ஒரு பக்கம் சாய்ந்தேன், கவிழ்ந்தது. லைஃப் ஜாக்கெட் இல்லை. நீச்சல் தெரியும் என்ற திமிர்! காலில் பாசி சுற்றிக்கொண்டது. மாடு மேய்த்த பெரியவர் கயிறு வீசியிராவிட்டால் இந்த மேடையில் நான் இல்லை. "ஏன் தம்பி, பரிசல் கெடைக்கலியா?" என்றார், நான் தண்ணீர் கக்கி முடிக்கும் முன்பே.

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் மெட்டாசென்டர் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நானும் 78 மார்க் வாங்கியவன்தான். அதே நீளத்தில் அகலத்தைப் பாதியாக்கினால், நீர்மட்டப் பரப்பின் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா எட்டில் ஒரு பங்காகிவிடும். வாங்கும்போது இது எனக்குத் தோன்றவேயில்லை.

ஒகேனக்கல்லில் பார்த்திருப்பீர்களே, அந்த மூங்கில் பரிசல்தான் இப்போது. ஆறடி விட்டம். பரிசலும் நானும் வலையுமாக 100 கிலோ என்றாலும் ஐந்தாறு சென்டிமீட்டர்தான் அமிழும். தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்துவிடலாம். ஆனால் கீல் கிடையாது, காற்றடித்தால் பம்பரம்தான். துடுப்பை முன்பக்கம் போட்டு இழுக்கவே ஒரு மாதம் பழகினேன். காற்று வீசும் நாளில் இறங்குவதில்லை.

ஜாக்கெட் போட்டுக்கொண்டு பரிசலில் ஏறுகிற என்னைப் பார்த்து அந்தப் பெரியவர் இன்னமும் சிரிக்கிறார்.